சின்னப்பர் என்றொரு பெயர்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று விரியும் கரிசல் காட்டில் ஒருவர் தம் பெயர் சின்னப்பன் என்றால், அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பெயரைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அண்ணனுக்கு அடுத்துப் பிறந்ததால் சின்னப்பன் ஆனவர் இருப்பார். பாட்டனார் பெயரைச் சுமக்கிறவர் இருப்பார். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கலாம். 'சின்ன' என்ற சொல் அங்கும் அதே பொருளில்தான் வழங்குகிறது. பங்குச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானத்தில் சூட்டிய பெயராகவும் இருக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து வந்து திரையில் பாடி நடித்த பி.யு. சின்னப்பாவும், சென்னை–மயிலைப் பேராயராக இருந்த ஏ.எம். சின்னப்பாவும் ஒரே பெயர்க்காரர்கள். ஒருவருடைய பெயருக்குத் திருச்சபையோடு தொடர்பில்லை. மற்றவருடைய திருச்சபையில் அது ஒரு திருத்தூதரின் பெயர்.

கிறிஸ்தவச் சின்னப்பன் வந்த வழி நீளமானது. தார்சு நகரில் தொடங்கி, உரோமை வழியாக, மதுரை நாயக்கர் காலத்துத் தமிழுக்குள் நுழைந்து இந்த மானாவாரிப் பூமி வரை வந்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகச் 'சின்னப்பர்' என்று அழைத்தது பவுலைத்தான். புதிய ஏற்பாட்டு நூல்களின் எண்ணிக்கையில் பாதிக்கு அருகில் அவர் பெயரால் அமைந்த கடிதங்கள். அந்த மாபெரும் ஆசிரியரைத் தமிழன் ஏன் 'சின்ன' என்று அழைத்தான்?

இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியது, சின்னது. எமிலியர் போன்ற உரோமைப் பெருங்குடிகளில் அது ஒரு கிளையின் குடும்பப் பெயராகவே இருந்தது. வேர்ச்சொல் அகராதிகள் சில இந்தச் சொல்லை இன்னும் பின்னால் கொண்டுபோகின்றன. சிறுவனைக் குறிக்கும் இலத்தீன் 'புயெர்', பிள்ளையைக் குறிக்கும் கிரேக்க 'பாய்ஸ்', ஏழையைக் குறிக்கும் இலத்தீன் 'பவுப்பெர்' ஆகியவற்றைப் பவுலுஸோடு ஒரே வேரின்கீழ் வைக்கின்றன. சிறுமை, பிள்ளைமை, இல்லாமை மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை என்கிறது அந்தக் கணக்கு. தமிழிலும் 'சிறு' என்ற அடியிலிருந்துதான் சிறுவனும் சிறுமியும் வருகிறார்கள். வறுமையையும் துன்பத்தையும் 'சிறுமை' என்று சொல்வதும் நம் பழைய வழக்கு.

பவுலுக்கு இன்னொரு பெயர் சவுல். 'கேட்டுப் பெற்றவன்' என்று எபிரேயத்தில் பொருள். இசுரயேலின் முதல் அரசனுடைய பெயர் அது. அந்த அரசன் சவுலைப் பற்றிச் சாமுவேல் நூல் சொல்லும் முதல் செய்திகளில் ஒன்று அவனுடைய உயரம்: மக்கள் எவரும் அவன் தோளுக்கு மேலே வரமாட்டார்கள். அவன் பென்யமின் குலத்தவன். பவுலும் தம்மைப் பென்யமின் குலத்தவர் என்று பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். குலத்தின் நெட்டை அரசன் பெயரைத் தாங்கிப் பிறந்தவர் 'சின்னவன்' என்ற பெயரால் உலகுக்கு அறிமுகமானார்.

தமஸ்கு சாலையில் ஒளி கண்டு கீழே விழுந்த அன்றே பெயர் மாறிவிட்டதாகப் பிரசங்கங்களில் கேட்கிறோம். திருத்தூதர் பணிகள் நூல் அப்படிச் சொல்லவில்லை. 9-ஆம் அதிகாரத்தில் மனம் திரும்பிய பிறகும் அவர் சவுலாகவே நடமாடுகிறார். 13-ஆம் அதிகாரத்தில், சைப்பிரஸ் தீவின் பாப்போ நகரில், செர்கியு பவுல் என்ற உரோமை ஆளுநர் முன்னே நிற்கும்போதுதான், பவுல் என்றும் பெயர்கொண்ட சவுல் என்று நூலாசிரியர் முதன்முறையாக எழுதுகிறார். யூத வீட்டுக்கு ஒரு பெயர், உரோமைக் குடியுரிமைக்கு ஒரு பெயர் என்று இரண்டும் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர் பலருடைய கருத்து.

பெயர் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. வந்த பெயரை அவர் என்ன செய்தார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார்: வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தினார். அவருடைய 'ஒப்புதல்கள்' நூலில், ஆளுநர் செர்கியு பவுலை வென்றெடுத்ததன் அடையாளமாக அந்தப் பெயரைப் பவுல் ஏற்றுக்கொண்டார் என்கிறார். பிறகு 412-ஐ ஒட்டி எழுதிய 'ஆவியும் எழுத்தும்' என்ற நூலில் வேறு காரணம் தருகிறார்: தம்மைச் சிறியவராகக் காட்டிக்கொள்ளவே அவர் அந்தப் பெயரைத் தேர்ந்தார் என்று. வரலாறாகப் பார்த்தால் இரண்டையுமே நிறுவ முடியாது. ஆனால் இரண்டாவது விளக்கத்துக்குப் பவுலின் எழுத்தே சான்று தருகிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது தம்மைத் திருத்தூதர்களில் கடையவர் என்றும், காலம் தவறிப் பிறந்த பிள்ளை என்றும் சொல்லிக்கொள்கிறார். எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் இலக்கணத்தையே மீறும் ஒரு சொல் இருக்கிறது. 'மிகச் சிறியவர்' என்று முற்றுப்பெற்ற கிரேக்கச் சொல்லின் மேல் இன்னொரு விகுதியை ஏற்றி, மிகச் சிறியவரிலும் சிறியவர் என்று ஆக்குகிறது அது. சிறுமையைச் சொல்ல மொழி போதாமல் ஒருவர் புதுச்சொல் கட்டிக்கொண்டதை இங்கே பார்க்கிறோம்.

இந்தப் பெயர் தமிழானது எப்படி என்பதற்கு 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியிடம் போகவேண்டும். கடற்கரையில் போர்த்துகீசியர் வழியாக வந்த பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே தங்கின. சந்தியாகு அப்படிப்பட்ட பெயர். உள்நாட்டில் அச்சபையின் மதுரை மிஷன் வேறு தடத்தில் நடந்தது. நொபிலி தமக்குத் தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்ற பொருள் உண்டு. அதனால் ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். 1693-இல் அவர் வெட்டுண்டு இறந்த ஓரியூரும் மல்லாங்கிணறும் 1985-இல் மாவட்டம் பிரியும் வரை ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. கொன்ஸ்தான்சோ என்றால் நிலைகுலையாதவர்; அந்தப் பெயர் கொண்ட பெஸ்கி முதலில் தைரியநாதர், பிறகுதான் வீரமாமுனிவர். பெயரின் பொருளைப் பிடித்துத் தமிழில் கொடுப்பது இவர்களுக்கு ஒரு நெறியாகவே இருந்தது.

அதே நெறியில் திருத்தூதர்கள் தமிழ்ப் பெயர் பெற்றார்கள். யோவான் அருளப்பர். பவுல் சின்னப்பர். பேதுரு இராயப்பர். 'பேதுரு' என்பதற்குக் கிரேக்கத்தில் பாறை என்று பொருள். தமிழ்க் காதுக்கு இராயப்பர் என்றால் அரசர் என்று கேட்கும். தெலுங்கில் கல்லுக்கு 'ராயி' என்று பெயர். மதுரையை ஆண்ட நாயக்கர் அரண்மனையின் மொழி தெலுங்கு. வீட்டில் தெலுங்கு பேசும் கரிசல் காட்டுப் பெரியவரிடம் சொன்னால் இந்தப் பொருத்தம் சட்டென்று விளங்கும். பாறையும் அரசரும் ஒரே பெயரில் குடியேறிவிட்டார்கள்.

'சின்ன' என்பது மொழிபெயர்ப்பு. 'அப்பர்' தமிழ் சேர்த்த கொடை. நெல்லையப்பர், ஐயாறப்பர் என்று இறைவனையே அழைத்துப் பழகிய விகுதி அது. சைவத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு கதையும் உண்டு. திருநாவுக்கரசரை 'அப்பர்' என்று முதலில் அழைத்தவர் வயதில் மிக இளையவரான ஞானசம்பந்தர். ஞானப்பால் உண்ட பிள்ளை ஒரு முதியவரைத் தகப்பனாக்கியது. சுவாமிமலையிலோ பிள்ளை உபதேசிக்க, தகப்பன் கேட்கிறான். முருகனுக்குத் தகப்பன்சாமி என்றே பெயர். ஞானம் பிள்ளை வழியாக வரும் என்பதை நம்பப் பழகிய மண்ணில்தான் 'சின்ன' என்பதும் 'அப்பர்' என்பதும் ஒரே பெயருக்குள் சண்டையில்லாமல் உட்கார்ந்தன. சிறியவர் எப்படித் தகப்பனாவார் என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உறவுமுறையும் துணைக்கு வந்தது: பல ஊர்களில் தகப்பனின் தம்பி சின்னப்பா. கண்டிக்கும் உரிமையும் கொஞ்சும் உரிமையும் ஒருசேர உள்ளவர் அவர்.

பவுல் இந்தப் பெயருக்குப் பொருந்துகிறாரா? பிள்ளைமை விஷயத்தில் அவர் எளிதில் பிடிபடுகிறவர் அல்லர். ஞானிகளுக்கும் அறிஞர்களுக்கும் மறைத்ததைக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தியதற்காகத் தந்தைக்கு இயேசு நன்றி சொல்வது மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே குழந்தைகளுக்கு வரும் கிரேக்கச் சொல் 'நேப்பியோய்'. பேச்சு முதிராத பச்சைப் பிள்ளைகளைக் குறிப்பது. 18-ஆம் அதிகாரத்தில் விண்ணரசில் மிகப் பெரியவர் யார் என்று சீடர்கள் கேட்க, ஒரு சிறுபிள்ளையை நடுவில் நிறுத்தி, இப்படி ஆகாவிட்டால் விண்ணரசுக்குள் நுழையவே முடியாது என்கிறார். பவுலோ அதே 'நேப்பியோஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, நான் குழந்தையாக இருந்தபோது குழந்தையாக நினைத்தேன், ஆளானபின் அவற்றைக் கைவிட்டேன் என்கிறார். சிந்தனையில் குழந்தைகளாக இருக்காதீர்கள், தீமையில் மட்டும் குழந்தைகளாக இருங்கள் என்று கொரிந்தியரைக் கடிந்துகொள்கிறார். சாப்பாடு செரிக்காத உங்களுக்குப் பால்தான் தந்தேன் என்றும் எழுதுகிறார்.

இது முரண் என்று நான் நினைக்கவில்லை. அறிவை வளர்க்க மறுக்கும் சோம்பலைத் தாழ்மை என்று பெயரிட்டு மறைப்பவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. பவுல் அடைக்கும் கதவு அவர்களுக்கானது. பிள்ளையிடம் அவர் எடுத்துக்கொள்வது அறியாமையை அல்ல. பிள்ளை பிறரைச் சார்ந்திருப்பதையும், வஞ்சம் வைத்துக்கொள்ளாததையும், தன் பெருமையைக் கணக்குப் பார்க்காததையும்தான்.

தெசலோனிக்கருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில், 7-ஆம் வசனத்தில், ஒரே ஒரு எழுத்தால் இந்த விஷயம் முழுவதும் திசைமாறுகிறது. உங்கள் நடுவில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று அவர் சொல்லும் இடம். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 'ஏப்பியோய்' என்றிருக்கிறது: கனிவானவர்களாக இருந்தோம். வேறு படிகளில் 'நேப்பியோய்': குழந்தைகளாக இருந்தோம். முன்னால் நிற்கும் வினைச்சொல் 'ன்' ஒலியில் முடிகிறது. கிரேக்கப் படிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஆகவே படி எடுத்தவர் ஒருவர் அந்த ஒலியை இரட்டித்து எழுதினாரா, இன்னொருவர் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாரா என்பதுதான் கேள்வி. புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியோடு மல்லாடிய நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்த நோவு பழக்கமானது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் நெடுங்காலம் கனிவின் பக்கம் நின்றார்கள். சீர்திருத்த சபையினர் வாசிக்கும் பழைய தமிழ் விவிலியமும் 'பட்சம்' என்றே சொல்கிறது. இன்று அறிஞர்கள் கையாளும் நெஸ்லே–ஆலாண்ட் கிரேக்கப் பதிப்பு 'குழந்தைகள்' என்ற பாடத்தையே மேலே வைத்திருக்கிறது.

குழந்தை என்று படித்தால் அந்தப் பத்தி வியப்பானதாகிறது. உங்கள் நடுவில் குழந்தையாக இருந்தோம் என்கிறார். அதே மூச்சில், பிள்ளைகளைப் பேணும் பால்கொடுக்கும் தாய் போல என்கிறார். நான்கு வசனம் தள்ளி 11-ஆம் வசனத்தில், தகப்பன் தன் பிள்ளைகளிடம் நடந்துகொள்வதுபோல என்கிறார். குழந்தை, தாய், தகப்பன் மூவரும் ஒரே ஆளில். ஒருவர் இப்படி உருவகங்களைக் கலக்கமாட்டார் என்று சொல்லி உரைகாரர்கள் சிலர் 'குழந்தை' பாடத்தை ஒதுக்கினார்கள். அவர்களுக்குச் 'சின்னப்பர்' என்ற பெயர் தெரிந்திருக்க வழியில்லை. சிறியவரும் தகப்பனும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதைத் தமிழ் வழிபாட்டு வழக்கு ஒரே சொல்லில் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. மொழிபெயர்த்த குரவர்கள் இந்த வசனத்தை நினைத்துத்தான் பெயர் கட்டினார்கள் என்று நான் வாதாடவில்லை. கட்டிய பெயர் பவுலின் நெஞ்சுக்கு மிக அருகில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே என் கட்சி.

இன்னொரு சின்னப்பரும் இருக்கிறார். எகிப்தின் தீபை நாட்டுப் பாலைவனத்தில் தனித்திருந்த பவுல், முதல் வனவாசி. தமிழில் வனத்துச் சின்னப்பர். திருநாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருவதால் உழவர் வீடுகளுக்கு நெருக்கமானவர். 375-ஐ ஒட்டி எரோணிமுஸ் எழுதிய வரலாற்றின்படி, பதினாறு வயதுப் பிள்ளையாக மதக்கலாபனைக்குத் தப்பிப் பாலைவனம் போனவர். அதே பாலைவனத்தில் தொண்ணூறு வயது வனத்து அந்தோணியாருக்கு, தம்மைவிட நிறைவான துறவி வேறு எவரும் இல்லை என்ற எண்ணம் ஒருநாள் வந்ததாம். அன்றிரவு கனவில், உன்னிலும் மேலான ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்று கட்டளை. தேடிப்போய்ச் சேர்ந்தபோது சின்னப்பருக்கு 113 வயது. அறுபது ஆண்டுகளாக நாளுக்கு அரை அப்பம் கொண்டுவந்த காகம் அன்று முழு அப்பத்தைக் கொண்டுவந்து போட்டது. அதை யார் பிட்பது என்பதில் இருவருக்கும் பொழுதுசாயும் வரை வழக்கு. விருந்தாளி பிட்கவேண்டும் என்றார் ஒருவர். மூத்தவர் பிட்கவேண்டும் என்றார் மற்றவர். கடைசியில் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுத்தார்கள். துறவின் உச்சியில் நிற்கும் இரண்டு கிழவர்கள் பிள்ளைகள் போல ஒரு அப்பத்தின் இரு முனையை இழுக்கும் இந்தக் காட்சியை எழுதியவர், இலத்தீன் விவிலியத்தையே ஆக்கித் தந்த மேதை.

கரிசல் காட்டில் 'சின்ன' என்ற சொல்லுக்கு வலிக்கும் முகமும் உண்டு. தாழ்மையைப் புகழும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் போகக்கூடாது. நரைத்த தலையோடு களத்துமேட்டில் நிற்கும் பெரியவரைப் பண்ணைக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி, ஒருமையில், 'டேய்' என்று கூப்பிட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு மரியாதையான பெயர் வைப்பதையே ஆதிக்க சாதியினர் தடுத்த வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. வாழ்நாள் முழுவதும் ஒருவரைப் பிள்ளையாகவே வைத்திருப்பது சாதி செய்த கொடுமை. அதற்கும் நற்செய்தி கேட்கும் பிள்ளைமைக்கும் எந்த உறவும் இல்லை. பவுல் தம் உயரத்திலிருந்து தாமே இறங்கினார். பென்யமின் குலம், பரிசேயக் கல்வி என்று இருந்த பெருமையையெல்லாம் பட்டியல் போட்டு, அத்தனையும் நட்டம் என்று எழுதினார். இறங்குவதற்கு உயரமே விடப்படாதவனிடம் போய்த் தாழ்ந்திரு என்று சொல்ல அவரைத் துணைக்கு அழைப்பது அநியாயம். இந்தப் பெயரின் கடைசியில் நிற்கும் 'ர்' என்ற மரியாதை விகுதியை நான் அற்பமாக நினைக்காததற்கு இதுவே காரணம். சின்னவரை 'அப்பர்' என்று பன்மையில் அழைக்கும்போது சிறுமையின் மேல் மரியாதை ஏற்றப்படுகிறது.

தன் பெயரைத் தானே கீழே வைத்த இன்னொருவரும் இந்தக் காட்டில் பிறந்தவரே. திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதில், 1896 ஆகஸ்டு 29 அன்று வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம் 'நான்' என்று தொடங்கி, நடுவில் 'இது' என்று மாறி, கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடாக முடிகிறது. பிறகு அவரை உலகம் இரமண மகரிஷி என்று அழைத்தது. அவர் கிறிஸ்தவர் அல்லர். அவர் வழியைப் பவுலின் வழியோடு ஒட்டவைக்கத் தேவையில்லை. ஆனாலும் தாழ்மையின் இலக்கணத்தைப் பெயர்களில் தேடுகிறவர் திருச்சுழியைத் தாண்டிப் போகமுடியாது.

சின்னப்பர் என்ற பெயர் இப்போது தேய்கிறது. 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனுக்கு அருப்புக்கோட்டைப் பக்கத்து மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அவர்கள் வழியில் வந்தவர்களுக்கு அவர் என்றும் பவுல்தான். கத்தோலிக்கரும் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் பிறகு வாசக மேடையில் பவுல் என்றே வாசிக்கிறார்கள். இராயப்பர் பேதுருவாகவும், அருளப்பர் யோவானாகவும் ஆகிவிட்டார்கள். இரண்டு சபையாரும் சேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பை ஆக்கியது பெரிய நன்மை. அதை நான் குறைசொல்லமாட்டேன். புதிய ஒலிபெயர்ப்பும் தமிழில் தன் விளையாட்டைத் தொடங்கிவிட்டது. விருதுநகர் வட்டாரத்தில் பால்ராஜ் என்றால் அவர் கிறிஸ்தவரா, பால்பாண்டி, பால்சாமி என்ற பெயர்களின் உறவுக்காரரா என்று மறுபடியும் தெரிவதில்லை.

ஆனால் பவுல் என்ற ஒலியில் தமிழ்ப் பிள்ளைக்குப் பொருள் எதுவும் கேட்காது. மாறாக, பிள்ளைமையை ஞானத்துக்கான வழி என்று போதித்த லிசியே நகரத்துத் தெரேசாவைக் குழந்தை தெரேசா, சிறுமலர் என்று பொருள்படவே அழைக்கிறோம். இருபத்துநான்கு வயதில் இறந்த அந்தப் பெண்ணை 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்து, அகுஸ்தினார் இருக்கும் வரிசையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உட்காரவைத்தபோது, சிறியவர் ஆசிரியரானது தமிழருக்குப் பெயரிலேயே விளங்கியது. ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், ஞானப்பிள்ளை என்று, ஞானத்தைப் பிறப்போடும் பிள்ளையோடும் சேர்த்தே பேசும் சமயத்தமிழ் நம்முடையது. விவிலியத்தில் பவுல் இருக்கட்டும். ஜூன் 29 அன்று இராயப்பர் சின்னப்பர் திருநாள் என்று கோவில் அறிவிப்பில் சேர்த்து எழுதுவதற்கும், ஞானஸ்நானப் பதிவேட்டில் சின்னப்பன் என்று ஒரு பிள்ளையின் பெயரை எழுதுவதற்கும் எந்தத் தடையும் இல்லை. பவுல் என்பதன் தமிழ் அதுதான் என்று பெயர் தேடி வரும் பெற்றோரிடம் பங்குக் குருக்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.